முதலில் நீங்க ஒரு வாய்

அவர் கையில் யார் எதைக் கொடுத்தாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார். "நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க."

பெருங்களத்தூரில் அவர் வீட்டு மாடிக்கு நானும் அம்மாவும் குடி வந்த புதிதில் பொங்கல் வந்தது. அம்மா சர்க்கரைப் பொங்கலை ஒரு தட்டில் வைத்து, இலைத் துண்டால் மூடி, கீழே எடுத்துக்கொண்டு போனாள். நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அவர் தட்டை வாங்கவில்லை. ஒரு வாய் சாப்பிடச் சொன்னார்.

"நான் மேலயே துன்னுட்டேன் ஓனரம்மா."

"பரவால்ல. இதுல இருந்து ஒரு வாய்."

அம்மா விரலால் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அது தொண்டையில் இறங்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் தட்டை வாங்கி உள்ளே போனார். மறுநாள் தட்டு கழுவித் துடைக்கப்பட்டு, ஒரு கைப்பிடி சர்க்கரையோடு திரும்பி வந்தது. பொங்கலை அவர் சாப்பிட்டாரா, வேறு யாருக்காவது கொடுத்தாரா, குப்பையில் போட்டாரா என்பது எங்களுக்குத் தெரியாது.

அம்மா பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதியில் சமைப்பவள். அவள் சமைத்ததைத் தினமும் ஒரு கூட்டமே சாப்பிடுகிறது. "இன்னாடி இது பேஜாரு, துன்னு காட்ட சொல்லுது" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டை வாங்கத் தயங்குகிறவர்களுக்கு என்ன காரணம் இருக்கும் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிட்ட விஷயம். அந்தக் காரணத்தைத்தான் அவர் வேறு விதமாகச் சொல்கிறார் என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்ய வேறு ஆதாரமும் இருந்தது. வீடு கேட்டுப் போன அன்று, சொந்த ஊர் எது என்று கேட்டார். முடிச்சூர் பக்கம் என்றேன்.

"பக்கம்னா? எந்தத் தெரு?"

"எங்க தெருவுக்குப் பேர் கிடையாது ஆன்ட்டி."

தாத்தா என்ன வேலை செய்தார் என்று அடுத்த கேள்வி. நான் பையிலிருந்து என் பட்டச் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தக் காகிதத்தை எங்கே வைத்தால் பேச்சு நிற்கும் என்று எனக்குத் தெரியும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சான்றிதழை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஒரிஜினலா?"

அரசு அலுவலகம் ஒன்றின் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். கேஸ் சிலிண்டரை, கொண்டுவந்தவர் முன்னாலேயே தராசில் தொங்கவிடுவார். மின்கணக்கு எடுக்க வருகிறவர் எழுதிக்கொண்டு போனதும், தானும் ஒருமுறை டார்ச் அடித்து மீட்டரைப் பார்ப்பார். வீட்டு வேலைக்கு வரும் அக்காமீது கரண்டி திருடுகிறார் என்ற குற்றச்சாட்டு வருடக்கணக்கில் நிலுவையில் இருந்தது. அந்த அக்காவும் வருடக்கணக்கில் வந்துகொண்டுதான் இருந்தார். உங்களுக்குக் கோபமே வராதா என்று ஒருநாள் படியில் வைத்துக் கேட்டேன்.

"இது சந்தேகப்பட்டுச்சுன்னா நம்மள வெச்சிக்கினு கீதுன்னு அர்த்தம்மா. ஒண்ணும் கேக்காம வுட்டுச்சுன்னாதான் எனக்கு பயம்" என்றார் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கீழே கூப்பிட்டனுப்பினார். ஹாலில் உட்காரச் சொல்லி, டபராவில் காபி கொண்டுவந்து வைத்தார். அதற்குமுன் என்னை அந்த ஹாலில் அவர் உட்காரச் சொன்னதில்லை. வாடகையை ஏற்றப் போகிறாரா, காலி செய்யச் சொல்லப் போகிறாரா என்று யோசித்துக்கொண்டே டம்ளரைத் தொட்டேன். என்னவோ ஒரு துணிச்சலில், "ஆன்ட்டி, நீங்க முதல்ல ஒரு வாய்" என்றேன்.

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். உள்ளே போய் இன்னொரு டம்ளர் எடுத்து வந்து, என் காபியிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் குடித்தார்.

"அப்படித்தான் இருக்கணும்" என்றார். முகத்தில் கோபம் இல்லை. சந்தோஷம் மாதிரி ஏதோ இருந்தது.

விஷயம் நாய். போலந்து நாட்டில் ஒரு பெண்மணி வீட்டோடு டாபர்மேன் வளர்த்துக் குட்டிகளை விற்கிறார். அதிலிருந்து ஒரு பெண் குட்டி வேண்டும். நான் மீனம்பாக்கத்தில், விமானத்தில் வரும் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு இங்கிலீஷ் கடிதம் எழுதத் தெரியும் என்பதும் ஒரு காரணம்.

இங்கேயே டாபர்மேன் கிடைக்குமே என்றேன். சுவரைக் காட்டினார். கணவரின் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவுச் சட்டத்துக்குள் ஒரு நாயின் படம் இருந்தது. லாப்ரடார் என்று சொல்லி, பரம்பரைச் சான்றிதழோடு விற்றிருக்கிறார்கள். வளர வளர அதன் காது நிமிர்ந்தது, வால் சுருண்டது.

"பேப்பர் உண்மை. விசாரிச்சுட்டேன். நாய்தான் வேற" என்றார். அந்த நாயைத் திருப்பிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். "எதுக்கு? ராஜா என்ன பண்ணான், ஏமாத்துனது அவனா?"

இனப்பெருக்கத்துக்காக நாயை இறக்குமதி செய்ய நம் நாட்டில் அனுமதி இல்லை. வளர்ப்பதற்கு என்றால், நாய்க்கென்று இருக்கும் பாஸ்போர்ட் போன்ற புத்தகத்தில் இறக்குமதி செய்பவரின் பெயர் இருக்க வேண்டும். அதற்குமேல் உரிமம், உடல்நலச் சான்று, இங்கே வந்ததும் கால்நடை அதிகாரிகளின் பரிசோதனை. இதையெல்லாம் சொன்னேன். புரோக்கர் ஒருவர் இதற்குச் சுருக்குவழி சொல்லியிருந்தாராம். வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பும் யாரோ ஒரு பையன், தன் நாய் என்று சொல்லிக் கூட்டி வந்துவிடுவான். "யாரோ பேர்ல வர்ற நாய் நாளைக்கு யாரு நாய்?" என்று கேட்டு அவரை அனுப்பிவிட்டார்.

எனக்குச் சந்தேகம் அந்தப் போலந்துப் பெண்மேல். இல்லாத குட்டிக்குப் படம் அனுப்பி, கூண்டுக்கு இவ்வளவு, காப்பீட்டுக்கு இவ்வளவு என்று கறக்கும் கதைகள் எங்கள் அலுவலகத்துக்கு அடிக்கடி வரும். அதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. ஒரு தாளில் பெரிய எழுத்தில் 'பெருங்களத்தூர்' என்று எழுதினார். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அந்தப் பெண் அதைப் பார்த்துத் தன் கையால் எழுதி, குட்டியின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு படம் அனுப்ப வேண்டும்.

இதைக் கேட்டதும் அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். மறுநாளே படம் வந்தது. கறுப்புக் குட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் தலைக்குமேல் ஓர் அட்டை. அட்டையில் ஒவ்வொரு எழுத்தும் கோலம் பழகும் குழந்தை போட்டதுபோல் இருந்தது. அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"'ங்' படுத்துக்கிட்டு இருக்கு. அப்ப கையாலதான் எழுதியிருக்கா."

அதற்குப் பிறகு கேள்வி கேட்கும் முறை அந்தப் பக்கம் போனது. போலந்திலிருந்து வந்த பட்டியல் நீளமாக இருந்தது. சுற்றுச்சுவர் என்ன உயரம், தரை வழுக்குமா, வெயில் காலத்தில் நாய் எங்கே படுக்கும், வீட்டில் யார் எப்போது இருப்பார்கள், நாயை நடக்கக் கூட்டிப் போவது யார். வீட்டின் எல்லா அறைகளையும் வீடியோவில் காட்ட வேண்டும். நான் போனைத் தூக்கிக்கொண்டு நடக்க, அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"பாத்ரூம எதுக்கு பாக்கணுங்கறா? நாய் குளிக்கவா போகுது, நான் குளிக்கப் போறேன்."

அந்த வாக்கியத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. கழிவுநீர்த் துளையின் மூடி எங்கே என்று அந்தப் பெண் கேட்டார். மூடி உடைந்திருந்ததை நாங்கள் இருவருமே அன்றுதான் கவனித்தோம். அழைப்பு முடிந்ததும் அவர் சோபாவில் சாய்ந்தார்.

"நம்மள துளிகூட நம்பல" என்றார். பிறகு, "நல்ல பொம்பள" என்றார்.

குட்டியின் பரம்பரைப் பட்டியலின் நகலும் வந்தது. அப்பா, அம்மா, அவர்களின் அப்பா அம்மா என்று ஐந்து தலைமுறைப் பெயர்கள், அவை வாங்கிய பரிசுகளோடு. அவர் ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் தாத்தாவின் அப்பா பெயர் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. நடுவில் நிமிர்ந்து என்னைப் பார்த்தவர், என்ன நினைத்தாரோ, மீதியை மனசுக்குள் படித்துக்கொண்டார்.

இதற்குமுன் வளர்த்த நாய் எப்படி இறந்தது என்பது ஒரு கேள்வி. "வயசாகி செத்துப்போச்சுன்னு எழுது" என்றார். எழுதினேன். பட்டியலில் வேறு இரண்டு கேள்விகளைத் தாண்டிய பிறகு, "அத அடிச்சுடு" என்றார்.

"எதிர் வீட்ல விசேஷம். தட்டுல பிரியாணி குடுத்தாங்க. நான் சைவம். வீணாகுதேன்னு ராஜாவுக்கு வெச்சேன். சாயங்காலத்துக்குள்ள போயிட்டான். அவங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகல. கறி கெட்டிருந்துச்சா, யாராவது எதையாவது கலந்தாங்களா, இன்னி வரைக்கும் தெரியாது. ஆனா நான்தான் வெச்சேன். அப்படியே எழுது."

அப்படியே எழுதினேன். ஒரு வாய் சாப்பிடச் சொல்வதன் காரணம் கிடைத்துவிட்டது என்று தோன்றியது. ஆனால் முழுதாக நம்பவில்லை. சாப்பாட்டுக்கு இதுதான் காரணம் என்றே வைத்துக்கொள்ளலாம். எந்தத் தெரு என்று கேட்டதற்கு ராஜாவா காரணம்? ஒருவருக்கு இரண்டு காரணமும் ஒன்றாக இருக்க முடியும்.

கடைசிக் கேள்விக்கு வந்தோம். நீங்கள் இறந்துவிட்டால் நாயை யார் எடுத்துக்கொள்வார்கள்? நான் அதைத் தமிழில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். எவ்வளவு தைரியம் என்று கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய்க் குக்கரை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"உன் பேர எழுது. புக்குலயும் உன் பேரே இருக்கட்டும். லைசென்ஸும் உன் பேர்லயே வாங்கு."

கூடுவாஞ்சேரியில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு நான் முன்பதிவு செய்திருந்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் சொந்த வீடு. அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அந்த ஃபிளாட்டின் விளம்பரத்தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டிருந்தேன், இந்த வீட்டுக் குப்பை அவர் கண்ணில் படாமல் வெளியே போகாது. ஐந்து தலைமுறைக்குப் பெயர் இருக்கிற நாயை ஒருவர் சும்மா என் பெயரில் எழுத மாட்டார்.

"நாங்க காலி பண்ணிடக் கூடாதுன்னு என்னை இதுல கட்டிப் போடறீங்களா ஆன்ட்டி?"

"ஆமா" என்றார். "அதுவும்தான்."

"உங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லையா?"

"அண்ணன் பசங்க இருக்காங்க. அவங்கள நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்ல."

படியில் வேலைக்கார அக்கா சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. என் பெயரை எழுதினேன். அடுத்த வீடியோ அழைப்பில் போலந்துப் பெண் என்னை மட்டும் முன்னால் உட்காரச் சொன்னார். இந்த அம்மாவுக்குப் பிறகு நிஜமாகவே எடுத்துக்கொள்வாயா என்று கேட்டார். எடுத்துக்கொள்வேன் என்றேன். பின்னால் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி கிரீச்சிட்டது.

குட்டிக்குத் தடுப்பூசிக் காலம் முடிந்து, காகிதங்கள் எல்லாம் சேர்ந்து, ஒரு மதியம் அது வந்து இறங்கியது. பரிசோதனை முடிந்ததும் நானே சரக்குக் கூடத்திலிருந்து கூட்டி வந்தேன். அவர் வாசலில் நின்றிருந்தார். கூண்டைத் திறந்ததும் வெளியே வந்த குட்டியின் காதுகள் இரண்டும் கன்னத்தில் தொங்கின. பின்னால் நீளமான வால் ஆடியது. படங்களில் எல்லாம் அது உட்கார்ந்தே இருந்ததால் அந்த வாலை நாங்கள் பார்த்ததே இல்லை. எதிர் வீட்டுக்காரர் கேட் வரை வந்து எட்டிப் பார்த்தார்.

"மேடம், டாபர்மேன்னா காது நட்டுக்கிட்டு நிக்கணும், வால் இருக்கவே கூடாது. இது மாதிரி நம்ம ஸ்டேஷன் ரோட்லயே நாலு கெடக்கு. இதுக்கா பிளைட்டு?"

அவர் குட்டியைத் தொடவில்லை. அது அவர் புடவை ஓரத்தை முகர்ந்தபோது காலை இழுத்துக்கொண்டார். அன்று அதற்குச் சோறு வைத்தது நான்தான். வைக்கும்முன் என்னை ஒரு வாய் சாப்பிடச் சொல்ல மட்டும் அவர் மறக்கவில்லை.

மறுநாள் காலை தாம்பரத்தில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனோம். நாயின் தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு சிப் வைத்திருப்பார்கள். அதன் எண்ணும் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். விமான நிலையத்தில் அதிகாரிகள் பார்த்துவிட்டார்கள் என்று நான் சொன்னது எடுபடவில்லை. அவருக்குத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த நாட்டில் காதையும் வாலையும் வெட்டக் கூடாது என்று சட்டம், வெட்டாவிட்டால் டாபர்மேன் இப்படித்தான் இருக்கும் என்று மருத்துவர் விளக்கினார். அதையும் கேட்டுக்கொண்டார். நம்பியதாகத் தெரியவில்லை.

மருத்துவர் கருவியைக் குட்டியின் இரண்டு தோள்களுக்கும் நடுவில் வைத்து மெதுவாக நகர்த்தினார். சத்தம் வரவில்லை. மறுபடி நகர்த்தினார். வரவில்லை. உரிமம், சான்று, சுங்கம் எல்லாம் என் பெயரில். வந்தது வேறு நாய் என்றால், படித்த பெண் என்று நம்பி வேலையைக் கொடுத்தவர் முன்னால் நான் எப்படி நிற்பேன்? நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குட்டி மேசைமேல் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் முதல்முறையாக அதன் முதுகில் கை வைத்தார்.

"நம்பர் வரலன்னா விட்ருங்க டாக்டர்" என்றார். "போட வேண்டிய ஊசிய போடுங்க. பேரு மணின்னு எழுதிக்கோங்க."

புத்தகத்தில் அதன் பெயர் ஒரு வரி நீளத்துக்கு இருந்தது. மருத்துவர் சிரித்துவிட்டுக் கருவியைக் கழுத்தின் இடப்பக்கம் கொண்டுபோனார். அந்த நாட்டில் அங்கேதான் வைப்பார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்ததாம். கருவி 'பீப்' என்றது. மணியின் முதுகிலிருந்து கையை எடுக்காமலே அவர் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக என்னை வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தார். "எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில்.

மணிக்குக் கோழி வேண்டும் என்றார் மருத்துவர். கீழ் வீட்டுச் சமையலறையில் கோழி நுழையாது. அதனால் தினமும் எங்கள் அடுப்பில் உப்பில்லாமல் வெந்து, கீழே இறங்கியது. கிண்ணத்தை வைக்கும்முன் அம்மா ஒரு துண்டு சாப்பிட வேண்டும். "உப்பில்லாத கறிய நாய்க்கு முன்னாடி நான் துன்னணும்னு இன்னா தலையெழுத்தோ" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். மணி வாலை ஆட்டியபடி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஃபிளாட்டின் சாவி வந்த பிறகும் நாங்கள் உடனே போகவில்லை. இன்னும் பெயின்ட் காயவில்லை, லிஃப்ட் ஓடவில்லை என்று அம்மா ஏதாவது காரணம் சொல்வாள்.

ஒரு மழைக்காலத்தில் அவர் குளியலறையில் விழுந்தார். இடுப்பு எலும்பு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூச்சுத் திணறல் வந்தது, ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். அண்ணன் பிள்ளைகள் வந்தார்கள், மருத்துவரிடம் பேசினார்கள், போனார்கள். ஒரு காலையில் அம்மா தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுபோனாள். ஸ்பூனில் எடுத்து அவர் வாயருகே நீட்டினாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். குரல் மெலிந்திருந்தது.

"நீங்க ஒரு வாய்."

அம்மா அந்த ஸ்பூனை வாயில் வைத்துக் கஞ்சியைக் குடித்தாள். குடித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது, வேறு ஸ்பூன் கொண்டுவரவில்லை. அம்மா எழுந்து குழாய்ப் பக்கம் போகப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அதே ஸ்பூனால் ஊட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். பாத்திரம் காலியாகும்வரை அந்த ஒரு ஸ்பூன்தான்.

அவருக்கு அப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்ததா, மருந்து மயக்கமா? எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. அம்மாவுக்கு இல்லை.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் பிள்ளைகள் வீட்டைப் பூட்ட வந்தார்கள். "நாய என்னங்க பண்றது?" என்று பெரியவர் என்னிடம் கேட்டார். அது என் நாய் என்று சொன்னேன். நான் எடுத்துக் காட்டிய புத்தகத்தை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இப்போது மணி கூடுவாஞ்சேரியில் எங்களோடு இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் இது என்ன ஜாதி நாய் என்று கேட்கிறார்கள். பிஸ்கட்டை எடுத்து அதற்கு நீட்டுகிறார்கள். மணி வாங்குவதில்லை. நேராக உட்கார்ந்து, தொங்கும் காதோடு, நீட்டியவரின் வாயையே பார்க்கிறது.

"அது அப்படித்தான்" என்கிறாள் அம்மா. "முதல்ல நீங்க ஒரு வாய் துன்னுங்க."